சன்னத்தின் வேகத்தை அளக்கும் கையடக்கக் கருவி: தெரிவுக்கு முன்னர் அறிய வேண்டியவை

உலகின் பல நாடுகளில் துப்பாக்கிச் சுடுதல் சட்டத்தினால் ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு விளையாட்டாக விளங்கி வருகின்றது. 1896 ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக் போட்டியிலேயே அது இடம்பெற்றிருந்தது. இவ்விளையாட்டில் ஈடுபடுவோர் பயிற்சி பெறும் சுடுதளங்களில் இன்று சர்வசாதாரணமாகக் காணப்படும் ஒரு சிறிய கருவி, குரோனோகிராப் எனப்படும் வேகமானியாகும். துப்பாக்கியின் குழலில் இருந்து புறப்படும் சன்னம் செக்கனுக்கு எத்தனை மீற்றர் வேகத்தில் செல்கின்றது என்பதை அது இலக்கத்தில் காட்டுகின்றது. அந்த இலக்கம் வெறும் ஆர்வத்தைத் தீர்ப்பதற்கானது மட்டுமன்று. ஒருவர் சட்டத்திற்கு உட்பட்டு நடப்பவரா, அதனை மீறியவரா என்பதையும், ஒரு போட்டியாளரின் புள்ளிகள் செல்லுபடியாகுமா, ஆகாதா என்பதையும் சில வேளைகளில் அதுவே தீர்மானிக்கின்றது. எனவே கருவியின் தெரிவு அலட்சியமாகக் கருதப்படக் கூடியதன்று.

பிரித்தானியாவை உதாரணமாகக் கொள்வோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1969 ஆம் ஆண்டின் விதிகளின் பிரகாரம், 12 அடி-இறாத்தலுக்கு, அதாவது ஏறத்தாழ 16.27 யூலுக்கு மேற்பட்ட சக்தியுடன் சன்னத்தைச் செலுத்தக் கூடிய காற்றழுத்த ரைபிள் ஒன்றினை அனுமதிப்பத்திரமின்றி வைத்திருத்தல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். கைத்துப்பாக்கிக்கு இவ்வெல்லை 6 அடி-இறாத்தலாகும். ஜேர்மனியில் அனுமதிப்பத்திரமின்றிப் பெறக் கூடிய காற்றழுத்தத் துப்பாக்கிகளுக்கான எல்லை 7.5 யூலாகும். சக்தியை நேரடியாக எவரும் அளப்பதில்லை. சன்னத்தின் திணிவையும் வேகத்தையும் அளந்து, அவற்றிலிருந்தே அது கணிக்கப்படுகின்றது. இங்கு வேகம் வர்க்கிக்கப்படுவதனால், வேகத்தில் ஏற்படும் நூற்றுக்கு ஒரு வீத வழு, சக்தியில் நூற்றுக்கு இரண்டு வீத வழுவாகி விடுகின்றது.

இதனைக் கணக்கிட்டே பார்க்கலாம். 0.547 கிராம் திணிவுள்ள ஈயச் சன்னம் ஒன்று செக்கனுக்கு 240 மீற்றர் வேகத்தில் செல்லுமாயின் அதன் இயக்க சக்தி 15.75 யூலாகும். இது சட்டத்திற்கு உட்பட்டது. அதே சன்னம் 245 மீற்றர் வேகத்தில் செல்லுமாயின் சக்தி 16.42 யூலாகும். இது சட்டத்தை மீறியது. இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு செக்கனுக்கு 5 மீற்றர் மாத்திரமே. நூற்றுக்கு ஒரு வீதம் பிழைக்கக் கூடிய கருவி ஒன்று 242 என்று காட்டும் போது உண்மையான வேகம் 244.4 ஆகவும் இருக்கலாம். அவ்வாறாயின், தான் எல்லைக்குள் இருப்பதாக மனச்சாட்சியுடன் நம்பிய ஒருவர் உண்மையில் எல்லையைக் கடந்தவராகி விடுகின்றார்.

போட்டிக் களத்திலும் நிலைமை இதுவேயாகும். ஐ.பி.எஸ்.சி. எனப்படும் சர்வதேச அமைப்பின் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் ‘வலுக் காரணி’ என்ற ஓர் அளவு நடைமுறையில் உள்ளது. கிரெய்ன் அலகில் சன்னத்தின் நிறையை, செக்கனுக்கான அடி அலகில் அதன் வேகத்தினால் பெருக்கி, ஆயிரத்தினால் வகுக்க அது பெறப்படும். ஆகக் குறைந்த தகைமை 125 ஆகும். 124 கிரெய்ன் சன்னம் 1010 அடி வேகத்தில் சென்றால் வலுக் காரணி 125.24. வேகம் 1000 அடியாகக் குறைந்தால் அது 124. அத்தகைய போட்டியாளர் தொடர்ந்து சுடலாமாயினும் அவரது புள்ளிகள் கணக்கில் எடுக்கப்படமாட்டா. பல மாதப் பயிற்சி நூற்றுக்கு ஒரு வீத வேறுபாட்டில் வீணாகி விடுகின்றது.

சன்னத்தின் வேகத்தை அளக்கும் முயற்சி புதியதன்று. ஆங்கிலேயக் கணித அறிஞரான பெஞ்சமின் ரொபின்ஸ் 1742 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தொங்கவிடப்பட்ட பாரமான ஊசல் ஒன்றின் மீது சன்னத்தைச் செலுத்தி, ஊசல் அசைந்த தூரத்தில் இருந்து வேகத்தைக் கணிக்கும் முறையினை விளக்கினார். வேகமாகச் செல்லும் சன்னத்தின் மீதான வளியின் தடை அன்று கருதப்பட்டதிலும் பன்மடங்கு அதிகம் என்பது அதன் மூலமே தெளிவாகியது. 1860 களில் பெல்ஜிய நாட்டுப் பீரங்கிப் படை அதிகாரியான லெ பூலஞ்சே, மின்காந்தங்களினால் பிடித்து வைக்கப்பட்ட இரு கோல்களைக் கொண்ட கருவியை அமைத்தார். சன்னம் முதலாவது கம்பித் திரையை அறுக்கும் போது ஒரு கோலும், இரண்டாவது திரையை அறுக்கும் போது மற்றைய கோலும் விடுபடும். முதலாவது கோல் விழுந்த தூரத்தில் இருந்து இடைப்பட்ட நேரம் கணிக்கப்படும். தெரிந்த தூரத்தைக் கடக்க எடுத்த நேரத்தை அளத்தல் என்ற அந்தத் தத்துவமே பல கருவிகளில் இன்றும் நிலைத்துள்ளது.

இன்று சந்தையில் கிடைக்கும் கையடக்கக் கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, ஒளி உணரிகளைக் கொண்டதாகும். சன்னம் இரு உணரிகளுக்கு மேலாகச் செல்லும் போது ஏற்படும் நிழலை அவை உணர்ந்து நேரத்தைக் கணிக்கின்றன. அமெரிக்காவில் ஏறத்தாழ நூறு டொலரில் இருந்தே இவற்றைப் பெறலாம். காற்றழுத்தத் துப்பாக்கியின் சிறிய சன்னத்தையும் அம்பையும் கூட இவை அளக்கும். எனினும் குறைபாடுகள் பல. உணரிகளுக்கு இடையிலான தூரம் 30 சென்ரிமீற்றர் எனின், 800 மீற்றர் வேகத்தில் செல்லும் சன்னம் அதனைக் கடக்க ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 375 பங்கு நேரமே எடுக்கின்றது. உணர்ந்த இடத்தில் 3 மில்லிமீற்றர் பிழைத்தாலும் வேகம் நூற்றுக்கு ஒரு வீதம், அதாவது 8 மீற்றர் பிழைத்து விடும். உணரிகளுக்கிடையிலான தூரம் இரு மடங்கானால் இவ்வழு பாதியாகும். எனவே இவ்வகையில் தெரிவு செய்வோர் முதலில் நோக்க வேண்டியது அந்த இடைவெளியையேயாகும். அமெரிக்காவின் ஓலர் நிறுவனம் மூன்று உணரிகளைப் பொருத்தி, ஒரே சன்னத்தை இருமுறை அளந்து ஒப்பிடும் வசதியைத் தனது கருவியில் ஏற்படுத்தியது இதனாலேயேயாகும். சாய்ந்த வெயிலும், உள்ளரங்குகளின் புளோரசென்ட் விளக்குகளின் துடிப்பும் இவற்றைக் குழப்பும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வகைக் கருவியைக் குழல் வாயில் இருந்து ஏறத்தாழ 3 மீற்றர் முன்பாக வைக்க வேண்டும். அருகில் வைத்தால் வெடிப்பின் அதிர்வும் வாயுவும் அளவைக் கெடுக்கும். ஆனால் முன்னே சென்று வைப்பதற்கு, சுடுதளத்தில் உள்ள அனைவரும் சுடுவதை நிறுத்த வேண்டும். சில சுடுதளங்கள் இதனை அனுமதிப்பதேயில்லை. மேலும், தொலைநோக்கி குழலிலும் பார்க்கச் சில சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதனால், கண்ணுக்குத் தடையின்றித் தெரியும் பாதையில் கருவி தலைநீட்டி நிற்பதுண்டு. இதனைக் கவனியாது தமது கருவியைத் தாமே சுட்டுச் சிதைத்தவர்கள் அநேகர்.

இரண்டாவது வகை, குழல் வாயின் கீழ் பட்டியினால் பொருத்தப்படும் மின்காந்த உணரியாகும். மக்னெட்டோஸ்பீட் என்ற அமெரிக்கத் தயாரிப்பு இதில் பிரசித்தமானது. வெளிச்சம் இதற்குப் பொருட்டன்று. முன்னே செல்லவும் வேண்டியதில்லை. ஆயினும் குழலில் பாரம் தொங்குவதால் அதன் அதிர்வு மாறி, சன்னம் இலக்கில் படும் இடமும் மாறுகின்றது. ஆகவே வேகத்தை அளந்து கொண்டே துல்லியத்தைச் சோதிக்க முடியாது. நீண்ட குழலையுடைய ரைபிளுக்கு இது ஏற்றது. குழல் வெளியே நீளாத கைத்துப்பாக்கிகளில் இதனைப் பொருத்துவது கடினமாகும்.

மூன்றாவது வகை டொப்ளர் ராடர் ஆகும். எம்மைக் கடந்து செல்லும் வாகனத்தின் ஹோர்ன் ஒலி மாறுபட்டுக் கேட்பதை நாம் அறிவோம். அதே தத்துவத்தின்படி, சன்னத்தில் பட்டுத் திரும்பும் நுண்ணலையின் மீடிறன் மாற்றத்தில் இருந்து வேகம் அறியப்படுகின்றது. முன்னர் இராணுவப் பரிசோதனைத் தளங்களுக்கே உரித்தாக இருந்த இத்தொழினுட்பம், கனடாவின் லாப்ராடர் கருவியின் மூலம் கடந்த தசாப்தத்தில் சாதாரண சுடுநர்களையும் எட்டியது. 2023 ஆம் ஆண்டில் கார்மின் நிறுவனம், சட்டைப் பையில் அடங்கும் ஸீரோ சி1 ப்ரோ என்ற கருவியை 600 டொலர் விலையில் அறிமுகப்படுத்தியது. நூற்றுக்கு 0.1 வீதத் துல்லியம் அதற்கு உண்டென நிறுவனம் தெரிவித்துள்ளது. சுடுநரின் அருகிலேயே வைக்கப்படுவதால் எவரும் முன்னே செல்லத் தேவையில்லை. துப்பாக்கியையும் அது தொடுவதில்லை. எனினும் நெருக்கமான சுடுதளத்தில் அயலவரின் வேட்டையும் பதிவு செய்து விடும் சந்தர்ப்பம் உண்டு.

ஆகவே எதனைத் தெரிவு செய்வது என்ற கேள்விக்கு விலைப்பட்டியலில் விடை தேடுதல் முறையன்று. தாம் செல்லும் சுடுதளத்தில் இலக்கை நோக்கி முன்னே செல்ல அனுமதி உண்டா என்பதை முதலில் வினவ வேண்டும். இல்லையெனின் ஒளி உணரி வகை அப்போதே விலக்கப்படுகின்றது. இரண்டாவதாக, அளக்கப்போவது எதனை என்பதில் தெளிவு வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் காற்றழுத்தத் துப்பாக்கியை மாத்திரம் சோதிப்பவருக்கு நல்ல ஒளி உணரிக் கருவியே போதுமானது. பலவகைத் துப்பாக்கிகளைப் பயன்படுத்துபவருக்கு ராடர் பொருத்தமானது. மூன்றாவதாக, கிடைக்கும் இலக்கத்தின் மீது எவ்வளவு பொறுப்புத் தங்கியுள்ளது என்பதைச் சிந்திக்க வேண்டும். சட்ட எல்லைக்கு அண்மையில் நிற்பவருக்கு அரை வீத வழுவும் பெரிதாகும்.

சிறந்த கருவியும் கவனமற்ற பாவனையில் பயனற்றுப் போகும். ஐந்து வேட்டுகளைச் சுட்டு, வேகத்தின் நியம விலகல் 5 மீற்றர் என முடிவு செய்வோர் உளர். ஆனால் புள்ளிவிபரவியலின்படி, ஐந்து மாதிரிகளில் இருந்து பெறப்பட்ட 5 என்ற விடைக்கு உண்மைப் பெறுமானம் 3 முதல் 14 வரை எங்கும் இருக்கலாம். இருபது வேட்டுகளைச் சுட்டால் அவ்வீச்சு 3.8 முதல் 7.3 வரை சுருங்கும். கருவியின் திரை தசமதானத்துடன் இலக்கத்தைக் காட்டுவதனால் மாத்திரம் அறிவு கூர்மையாகி விடாது.

காற்றழுத்தத் துப்பாக்கியை வைத்திருப்போர் மேலும் ஒன்றை உணர வேண்டும். சட்டம் கேட்பது துப்பாக்கி எவ்வளவு சக்தியைத் தரக் கூடியது என்பதையேயன்றி, உரிமையாளர் வழமையாகப் பயன்படுத்தும் சன்னத்தின் சக்தியையன்று. சுருள்வில்லினால் இயங்கும் துப்பாக்கிகள் பொதுவாக இலேசான சன்னத்துடனும், அழுத்திய வாயுவினால் இயங்குபவை பாரமான சன்னத்துடனும் கூடிய சக்தியைத் தருகின்றன. புதிய துப்பாக்கியில் எஞ்சியுள்ள எண்ணெய் எரிவதாலும் வேகம் கூடலாம். எனவே பல நிறைச் சன்னங்களைக் கொண்டு சோதித்து, எல்லைக்குக் கீழே கருவியின் வழுவிலும் கூடிய இடைவெளியை விட்டு வைப்பதே விவேகமாகும். இயலுமாயின் மற்றொருவரின் கருவியுடன் ஒரே வேட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதும் நன்று.

வணிகத்தில் தராசு எத்தகையதோ, சுடுதளத்தில் வேகமானியும் அத்தகையதே. தராசு பிழைத்தால் வாங்குபவர், விற்பவர் இருவரில் ஒருவர் ஏமாறுகின்றார். இங்கோ கருவியை நம்பியவரே முதலில் ஏமாறுகின்றார். தமக்குச் சாதகமான இலக்கத்தைக் காட்டும் கருவியையன்றி, உண்மையைக் காட்டும் கருவியைத் தேடுவதும், அது காட்டும் இலக்கத்தையும் சந்தேகித்துச் சரிபார்ப்பதுமே பொறுப்புள்ள சுடுநருக்கு அழகு என்பது எமது கருத்தாகும்.