புதுச்சேரி ஊரக அறிவு மையங்களும் ஊடாடு கணினிப் பயிற்சியின் வரலாறும்: நல்லவாட்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மென்பொருளையும் மின் படிவங்களையும் கையாளக் கற்பிக்கும் ஊடாடு பயிற்சிப்பாடங்கள் இன்று அரசுத் திட்டங்கள் பலவற்றில் இடம்பெறுகின்றன. அவற்றின் வடிவமைப்பு பற்றிய விவாதங்களோ பெரும்பாலும் திரையிலிருந்தே தொடங்குகின்றன. 1998 முதல் புதுச்சேரி ஊரகப் பகுதியில் இயங்கிய அறிவு மையங்களின் வரலாற்றையும், அதில் நல்லவாடு பெறும் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அங்கு ஊடாட்டம் முதலில் மனிதருக்கிடையே நிகழ்ந்தது. பின்வந்த திட்டங்களில் அது திரைக்கு இடம்பெயர்ந்தது. அவ்விடப்பெயர்வில் கற்போரின் தேவை பின்னுக்குத் தள்ளப்பட்டது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: அறிவு மையம், நல்லவாடு, மின்கற்றல், ஊடாட்டம், விண்ணப்பப் படிவம், கணினி எழுத்தறிவு.

முன்னுரை

கணினிவழிக் கற்பித்தலின் வரலாறு பொதுவாக 1960இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தோன்றிய பிளேட்டோ அமைப்பிலிருந்து தொடங்கப்படுகிறது. மாணவர் விடையளிக்க, பொறி அதனைச் சரிபார்த்து மறுமொழி தருவதே ஊடாட்டம் என்ற கருத்து அவ்வழியில் நிலைபெற்றது. தமிழ் வழங்கும் ஊர்களில் கணினி நுழைந்த வரலாறு இதனின்று வேறுபட்டது. அங்குக் கணினியைப் பெரும்பாலோர் தம் கையால் தொடவில்லை. இயக்கத் தெரிந்த ஒருவர் வழியாகவே அதனைப் பயன்படுத்தினர். இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளாமல் அமைக்கப்படும் பயிற்சிப்பாடம் யாரை விட்டுவிடுகிறது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

வில்லியனூர் நடுவமும் ஊர் மையங்களும்

சென்னையில் இயங்கும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியுடன் 1998இல் தகவல் கிராமத் திட்டத்தைப் புதுச்சேரியில் தொடங்கியது. வில்லியனூரில் நடுவம் அமைந்தது. ஏம்பலம், கீழூர், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் மையங்கள் உருவாயின. தொலைபேசி இணைப்பு உறுதியற்றிருந்த நிலையில் ஊர்களுக்கிடையே செய்தியை அனுப்ப வானொலி அலைக் கருவிகளும் பயன்பட்டன. இடத்தை ஊர் தர வேண்டும், எல்லாச் சாதியினரும் அங்கு வரலாம் என்பவை அடிப்படை ஏற்பாடுகள். ஏம்பலத்தில் கோவிலைச் சார்ந்த ஓர் அறையே மையமாயிற்று.

இம்மையங்களின் உள்ளடக்கம் ஊராரின் தேவைகளைக் கேட்டறிந்த பின்னரே உருவானது. நெல் விலை, இடுபொருள் இருப்பு, மருத்துவமனை விவரம், பேருந்து நேரம், ஏழைக் குடும்பங்களுக்கான அரசுத் திட்டங்கள் ஆகியவை தமிழில் தரவுகளாகத் தொகுக்கப்பட்டன. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர் பட்டியலும் மையங்களில் பார்வைக்குக் கிடைத்தது. தம் பெயர் பட்டியலில் உள்ளதா என்பதை ஊரார் தம் ஊரிலேயே அறிய முடிந்ததும், அரசு அலுவலகத்துக்கும் விண்ணப்பதாரருக்கும் இடையிலிருந்த இடைவெளி ஓரளவு குறைந்தது. படிவத்தின் முதற்பாடம் இதுவே: எதை நிரப்புவது என்பதற்கு முன், நிரப்பத் தமக்கு உரிமை உண்டா என்பதை அறிதல்.

தன்னார்வலரே பாடம்

மையங்களை இயக்கியவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள். அவர்களுள் பெண்களே மிகுதி. பள்ளிக்கல்வி மட்டும் பெற்றிருந்த பலர், ஆங்கில எழுத்துகள் பொறித்த விசைப்பலகையில் தமிழைத் தட்டச்சுச் செய்யக் கற்றனர். அக்காலத் தமிழ்க் கணிமையின் நிலை இதனை மேலும் கடினமாக்கியது. ஓர் எழுத்துருவில் உருவாக்கிய கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையும் குறியாக்கத் தரங்களும் அறிவிக்கப்பட்டன. எனினும் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். இடைப்பட்ட காலத்தில் ஒரு மையத்தில் எழுதிய பாடக்குறிப்பு மற்றோரிடத்தில் அப்படியே பயன்படும் என்ற உறுதி இல்லை.

ஆகவே பயிற்சி, ஏட்டைக் காட்டிலும் ஆளைச் சார்ந்தே நிலைத்தது. கேட்க வருபவர் தம் வினாவைப் பேச்சுத்தமிழில் கூறுவார். தன்னார்வலர் அதனைத் தரவுத்தொகுப்பில் தேடத்தக்க வினாவாக மாற்றுவார். கிடைத்த விடையை மீண்டும் பேச்சாக்கித் தருவார். வினா தெளிவில்லையெனில் திருப்பிக் கேட்பார். இன்றைய வடிவமைப்பாளர் உடனடி மறுமொழி, கிளைவழிப் பாடம் என்று பெயரிடும் கூறுகள் யாவும் இவ்வுரையாடலில் இருந்தன. 2003இல் இந்நிறுவனம் தொடங்கிய ஜாம்செட்ஜி டாடா தேசிய மெய்நிகர் கழகம், இத்தகைய ஊரகப் பணியாளர்களைத் தேர்ந்தெடுத்து ஆய்வுறுப்பினர்களாகச் சிறப்பித்தது. பட்டத்தைக் காட்டிலும் ஊர்ப்பணியில் பெற்ற அறிவுக்கு அளிக்கப்பட்ட ஏற்பு அது.

நல்லவாடு, 26 டிசம்பர் 2004

புதுச்சேரிக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த மீனவர் ஊர் நல்லவாடு. மீனவர் ஊர்களின் மையங்களில் அலையுயர முன்னறிவிப்பு முதன்மையான தகவல். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து பெறப்பட்ட அலை விவரம், தமிழாக்கப்பட்டு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. வரைபடத்தைப் படிக்கும் வேலையை மையம் ஏற்றது. கடலுக்குப் போகலாமா என்னும் முடிவை மீனவர் எடுத்தனர்.

ஆழிப்பேரலை நாளன்று, சிங்கப்பூரில் பணிபுரிந்த இவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியைக் கண்டு வீட்டைத் தொலைபேசியில் அழைத்தார். கடல்நீர் உட்புகுவதை வீட்டார் கூறியதும், உடனே வெளியேறுமாறும் பிறரை எச்சரிக்குமாறும் அறிவுறுத்தினார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே எச்சரிக்கை ஊரெங்கும் பரவியது. வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஊரில் உயிரிழப்பு நேரவில்லை என்றே பதிவுகள் கூறுகின்றன.

இந்நிகழ்வு தகவல் தொழில்நுட்பத்தின் வெற்றியாகப் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. ஆயின் அன்று உயிர்காத்தவை தொலைபேசியும் ஒலிபெருக்கியும். தரவுத்தொகுப்பும் மென்பொருளும் அல்ல. இந்தியப் பெருங்கடலுக்கு ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பே அப்போது இல்லை. ஐதராபாத்தில் இந்திய மையம் செயற்படத் தொடங்கியது 2007இல். அப்படியாயின் மையத்தின் பங்கு யாது? நாள்தோறும் கடல்நிலையை அறிவித்த குரல், கேட்போரிடம் ஒரு பழக்கத்தை உருவாக்கியிருந்தது. அக்குழலிலிருந்து வருவது கடலைப் பற்றியது, நம்பத்தக்கது, உடனே செயற்படத்தக்கது என்பதே அப்பழக்கம். பயிற்சி பெற்றவர் இயக்குநர் மட்டுமல்லர், ஊரும் பெற்றிருந்தது எனக் கொள்வது பொருந்தும்.

பாடம் திரைக்குள் புகுதல்

இதே காலத்தில் வேறொரு போக்கும் வளர்ந்தது. 2000இல் எஃப். சி. கோலியின் முன்முயற்சியால் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் ஆந்திரத்தில் கணினிவழி எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கியது. பழைய கணினிகளில் அசைபடங்களின் துணையுடன் சொற்களைப் படிக்கப் பயிற்றிய அத்திட்டம் பின்னர்த் தமிழுக்கும் வந்தது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் மென்பொருட்பயிற்சிக்கெனவே அமைந்தது. ஏறத்தாழ பத்து நிமிடப் பாடம் திரையின் ஒருபுறம் ஓட, மறுபுறம் மென்பொருளைத் திறந்து கற்பவர் உடன் செய்வார். துறை அறியாத புதியவர் ஒருவர் பாடத்தைச் செய்து பார்த்த பின்னரே அது வெளியிடப்படுவதும், விளக்கவுரை தமிழ் உள்ளிட்ட மொழிகளில் கிடைப்பதும் அதன் சிறப்புகள். செய்துகாட்டலுக்கும் செய்தலுக்கும் இடையிலான தொலைவைக் குறைத்ததே இத்திட்டத்தின் வலிமை.

2017இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த பிரதமரின் ஊரக மின்னணு எழுத்தறிவுத் திட்டம் அளவில் மிகப் பெரியது. 6 கோடி ஊரகக் குடும்பங்களில், குடும்பத்துக்கு ஒருவர் வீதம், 14 முதல் 60 வயதுக்குட்பட்டோருக்கு 20 மணி நேரப் பயிற்சி என்பது அதன் அமைப்பாக இருந்தது. முடிவில் கொள்குறி வினாக்களாலான இணையத் தேர்வு நடைபெற்றது. இங்குச் சான்றளிக்கப்பட்டது சரியான விடையைத் தெரிந்தெடுக்கும் திறன். ஓய்வூதியத்துக்கான படிவத்தை நிரப்பி, ஆவணத்தை இணைத்து, ஒப்புகை எண்ணைப் பெற்று வரும் திறன் இதனின்று வேறானது. மேலும், 60 வயதைக் கடந்தோர் முதியோர் ஓய்வூதியத்தை நாடுவோராக இருந்தும், இப்பயிற்சியின் வரம்புக்கு வெளியே நின்றனர்.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு ஊடாடு பயிற்சிப்பாட வடிவமைப்புக்கு மூன்று அளவுகோல்களைத் தருகிறது. முதலாவது, பாடம் மென்பொருளின் பட்டியல்களிலிருந்து தொடங்காமல் கற்பவர் முடிக்க விரும்பும் காரியத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது, பிழை செய்தாலும் விண்ணப்பம் பாழாகாத பயிற்சிப் படிவம் தேவை. பிழைச்செய்தி 'தவறான உள்ளீடு' என நின்றுவிடாமல், எந்தத் தாளில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதைத் தமிழில் கூற வேண்டும். மூன்றாவது, ஒரு திரைமுன் இருவர் அமர்ந்திருப்பர் என்பதைப் பாடம் ஏற்க வேண்டும். படிவத்துக்குரியவர் ஒருவர், விசையை அழுத்துபவர் மற்றொருவர். முன்னவருக்கும் விளங்கும்படி ஒவ்வொரு படியும் உரக்கப் படிக்கப்படுமாயின், தம் பெயரில் என்ன எழுதப்படுகிறது என்பதை அவர் அறிவார்.

திரைப்பாடம் மலிவாகப் பெருகும். தன்னார்வலர் அவ்வாறு பெருகார் என்பது உண்மை. எனினும் அறிவு மையங்களின் அனுபவம் இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தவில்லை. வில்லியனூரில் கணினி இருந்தது. ஊர் மையத்தில் அதன் பொருளைச் சொல்லும் ஆளும் இருந்தார். இடையில் நிற்கும் அவரை நீக்கிவிடாமல், அவருக்கும் அவரிடம் கேட்க வருபவருக்கும் உரிய பாடத்தை எழுதுவதே இனித் தமிழ் மின்கற்றல் ஆய்வு மேற்கொள்ள வேண்டிய பணி.