தோளின் கல்வி



பாகூர் என்றதும் வரலாறு கற்றோர்க்கு நினைவுக்கு வருவது அவ்வூர்ச் செப்பேடு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் தன் எட்டாம் ஆட்சியாண்டில், அங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையளித்தமையை அது கூறுகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஏட்டுக்கல்விக்கு அத்துணை மதிப்பு. தோளைப் பயிற்றிய கல்வியோ செப்பேட்டில் ஏறவில்லை. ஆசான் கையினின்று மாணாக்கன் கைக்கு வந்தது.

அக்கல்வியின் கருவி கர்லாக்கட்டை. அடி பருத்து, பிடி சிறுத்த மரக்கட்டை அது. அதைத் தலைக்குப் பின்னே இறக்கி, முதுகைச் சுற்றி வீசும்போது கட்டையின் பாரம் கையை இழுக்கின்றது. தோளின் தசைகளோ அவ்விழுப்பைத் தாங்கித் திருப்புகின்றன. நெகிழ்ச்சியும் வலிமையும் ஒரே வீச்சில் விளைகின்றன அன்றோ! இந்நாட்டில் இதனைக் கண்ட ஆங்கிலப் படையினர் தம் பயிற்சியிலும் சேர்த்துக்கொண்டனர். 1834-இல் டொனால்டு வாக்கர் இலண்டனில் வெளியிட்ட உடற்பயிற்சி நூலில் இது இடம்பெற்றது. 1904-இலும் 1932-இலும் ஒலிம்பிக் போட்டியாகவே நடைபெற்றது. இருமுறையும் வென்றவர்கள் அமெரிக்கர்கள்! கட்டை பிறந்த நாட்டில் அது மூலையில் சாய்ந்து கிடந்தது.

தோள்மூட்டின் கிண்ணம் ஆழமற்றது. ஆகவே கை எத்திசையிலும் சுழலும். ஆனால் மூட்டை நிலைநிறுத்தும் பொறுப்பு, சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளையே பெரிதும் சார்ந்தது. பேஸ்பால் எறிவோரின் மேற்கை நொடிக்குச் சுமார் 7,000 பாகை வேகத்தில் சுழல்வதாக அளந்திருக்கின்றனர். அவ்வேகத்தைத் தடுத்து நிறுத்துபவை பின்புறத் தசைகள். மேலோங்கி எறிவோர்க்கும் அடிப்போர்க்கும் நாளடைவில் அப்பின்புறம் இறுகி, கை உட்புறம் திரும்புவது குறைகின்றது.

இவ்விறுக்கத்தைக் கையால் தளர்த்தும் கலையும் நம்மிடம் உண்டு. சித்த மருத்துவம் அதனைத் தொக்கணம் என்னும். தட்டல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக ஒன்பது வகை சொல்லும். இக்காலத்து இயன்முறை மருத்துவரும் மூட்டை மெல்ல இழுத்தும் அசைத்துமே நெகிழ்விக்கின்றனர். எனினும், பிறர் கை தருவது நெகிழ்ச்சியே. வலிமையைத் தன் தோளே ஈட்டியாக வேண்டும்.

இதனை நான் காலந்தாழ்த்தி அறிந்தேன். நான் பணியாற்றிய கிராமப் பள்ளியொன்றில் கைப்பந்தை ஓங்கி அடிப்பதில் நிகரற்ற மாணவன் ஒருவன் இருந்தான். தோள் வலிக்கிறது என்றான். ஊர்ப் பெரியவர் ஒருவர் எண்ணெய் தடவிப் பிடித்துவிட்டார். இரண்டு நாளில் கை இலகுவாயிற்று. மூன்றாம் நாள் போட்டிக்கு அவனை அனுப்பியவன் நானே. அப்பருவம் முழுதும் அவ்வாறே நடந்தது: வலி, எண்ணெய், ஆட்டம். பள்ளியின் சாமான் அறையில் இரண்டு கர்லாக்கட்டைகள் தூசி படிந்து கிடந்தன. அவற்றை நான் எடுத்துக்கொடுக்கவில்லை.

பல்லாண்டு கழித்து வில்லியனூர்த் தேர்த்திருவிழாவில் அவனைக் கண்டேன். தேர் அசைந்ததும் சுற்றியிருந்தோர் தலைமேல் கைகுவித்தனர். அவனுடைய வலக்கை தோள்மட்டத்தோடு நின்றுவிட்டது.