அந்தரத்தில் நின்றது எது? 1955ஆம் ஆண்டின் குவார்ல்ஸ் அறிக்கை: ஒரு மறுவாசிப்பு

1955 அக்டோபர் 25 அன்று அமெரிக்க விமானப்படைச் செயலர் டொனால்ட் குவார்ல்ஸின் பெயரில் வெளிவந்த பத்திரிகை அறிக்கை, பறக்கும் தட்டுகளைப் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. செங்குத்தாக எழும் ஜெட் விமானம் ஒன்று சில நாள்களில் பறக்கவிருக்கிறது என்று அதில் அவர் அறிவித்தார். கனடாவின் ஏவ்ரோ நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியாக, மக்கள் மனத்தில் உள்ள பறக்கும் தட்டை ஓரளவு ஒத்த வட்டு வடிவ வானூர்தி உருவாகக்கூடும் என்றும் சொன்னார். இந்த இரு செய்திகளின் மேல் பெரிய முடிவு ஒன்று கட்டப்பட்டுவிட்டது: 1947 முதல் மக்கள் கண்டு மிரண்டவற்றில் கணிசமானவை, அந்தரத்தில் நிற்கவல்ல இரகசியச் சோதனை விமானங்கள், அரசு அதை அரைகுறையாக ஒப்புக்கொண்ட இடம் இந்த அறிக்கை. முந்தைய ஆய்வாளர்களிடையே வேரூன்றிய இந்த வாசிப்பை ஆவணம் தாங்கவில்லை என்பதே என் வாதம்.

அறிக்கைக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதி நடந்து முடிந்தவற்றைப் பற்றியது. பறக்கும் தட்டுச் செய்திகளை ஆராய்ந்த விமானப்படையின் புளூ புக் திட்டத்தின் 14ஆம் சிறப்பு அறிக்கையை முன்வைத்து, தட்டு என்று பரவலாக வருணிக்கப்படும் எந்தப் பொருளும் அமெரிக்க வானில் பறக்கவில்லை என்று அது முடிவு சொல்கிறது. விளக்கம் கிடைக்காத சிலவற்றுக்கும் போதிய தகவல் இருந்திருந்தால் வழக்கமான காரணமே கிடைத்திருக்கும் என்கிறது. இரண்டாம் பகுதி முழுக்க எதிர்காலத்தைப் பற்றியது. வழக்கத்துக்கு மாறான உருவமும் பறக்கும் தன்மையும் கொண்ட விமானங்கள் தோன்றவிருக்கின்றன. அவற்றை மாயமாகக் கருத வேண்டாம். அவையும் இயற்கை விதிகளுக்கு உட்பட்டவையே. ஆள் இருந்தால் அவரும் பூமியைச் சேர்ந்தவரே. ஏவ்ரோ வருவது இந்தப் பகுதியில். அதைத் தூக்கி முதற்பகுதிக்குள் வைத்தால்தான் ஒப்புதல் வாக்குமூலம் கிடைக்கும். அப்படி வைக்க ஆவணத்தில் எந்த இடமும் இல்லை.

குவார்ல்ஸ் சொன்னதை எல்லாம் நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அறிக்கையின் முதற்பகுதி தனக்குச் சாதகமான எண்ணையே முன்னிறுத்துகிறது. 1955இன் தொடக்க மாதங்களில் விளக்கம் கிடைக்காதவை 3 விழுக்காடுதான் என்பது அது காட்டும் கணக்கு. ஆனால் பேட்டல் நினைவு நிறுவனம் தயாரித்த அந்த 14ஆம் அறிக்கையே, 1947 முதல் 1952 வரையிலான ஏறத்தாழ 3200 செய்திகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அடையாளம் காணப்படாதவை என்று வகைப்படுத்தியிருந்தது. இந்த இடைவெளியைச் சுட்டிய விமர்சகர்கள் சரியாகவே சுட்டினார்கள். அவர்களில் பலர் அதன் பிறகு எடுத்துவைக்கும் அடியில்தான் தர்க்கம் சறுக்குகிறது. அறிக்கை உண்மையை மறைக்கிறது, ஆகவே அது மறைப்பது இரகசிய விமானங்களை என்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் யோசித்துப் பார்க்கலாம். விளக்கமில்லாத செய்திகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்காட்ட ஒருவர் துடிக்கிறார். அவர் கையில் அந்தரத்தில் நிற்கும் விமானங்கள் இருக்கின்றன. அவற்றின் இருப்பை அவரே அன்று பகிரங்கமாக்குகிறார். நீங்கள் கண்டவற்றில் சில எங்களுடையவை என்று ஒரு வரி சேர்த்தால் அவருடைய சிக்கலில் பாதி தீர்ந்திருக்கும். அந்த வரியை அவர் எழுதவில்லை. அவ்வளவு வசதியான விளக்கத்தை அவர் பயன்படுத்தாததற்கு ஒரே நியாயமான காரணம், அது நடந்துபோன செய்திகளுக்குப் பொருந்தவில்லை என்பதுதான். இந்த ஆவணத்தில் எனக்கு மிக வலுவாகப் படும் சான்று இந்த மௌனம்.

காலவரிசையும் இதையே சொல்கிறது. சில நாள்களில் பறக்கும் என்று சொல்லப்பட்டது ரையன் எக்ஸ்-13 விமானம் என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. அது 1955 டிசம்பர் 10 அன்று முதலில் பறந்தபோது சாதாரணச் சக்கரங்களோடு ஓடுபாதையிலிருந்துதான் எழுந்தது. செங்குத்தாக எழுந்து, கிடையாகப் பறந்து, மீண்டும் செங்குத்தாக இறங்கும் முழுச் சுற்றை அது முடித்தது 1957 ஏப்ரலில். ஏவ்ரோவின் கதை இன்னும் பரிதாபமானது. அந்நிறுவனத்தின் பொறியாளர் ஜான் ஃப்ராஸ்ட் வடிவமைத்த வட்டு விமானம், ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் பறக்கும் என்ற எதிர்பார்ப்போடு தாளில் வளர்ந்தது. கடைசியில் கட்டப்பட்ட ஏவ்ரோகார் 18 அடி விட்டமுள்ள வட்டு. மூன்று சிறு ஜெட் இயந்திரங்கள், நடுவில் 5 அடி விசிறி. கயிற்றுக் கட்டில்லாமல் அது முதன்முதலில் எழுந்தது 1959 நவம்பர் 12 அன்று. தரையிலிருந்து சுமார் 3 அடிக்கு மேல் போனால் காற்று மெத்தையின் பிடி தளர்ந்து, அடக்க முடியாதபடி தள்ளாடியது. அதன் வேகம் மணிக்கு 35 மைல் அளவில் நின்றுவிட்டது. 1961 டிசம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. 1952 வரை சேகரித்த செய்திகளை, 1959இல் இடுப்பளவு உயரத்தில் தத்தளித்த ஒரு பொறியைக் கொண்டு விளக்க இயலாது.

இரகசியமாக வேறொன்று பறந்திருக்கலாமே என்பார்கள். ஆவணமே இல்லாத விமானத்தோடு வாதிட முடியாது. இதற்கு மேல் அந்த மறுப்பில் எனக்கு ஆர்வமில்லை. 1955 ஆகஸ்டில் நெவாடாவில் பறக்கத் தொடங்கிய யு-2 உளவு விமானத்தை மறைக்கும் திரையே இந்த அறிக்கை என்ற வாதமும் எடுபடாது. யு-2 அந்தரத்தில் நிற்பதில்லை. 14ஆம் அறிக்கையின் தரவுகள் அது பறப்பதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டன.

இயற்பியலின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த வாசிப்பின் முரண் மேலும் கூர்மையாகிறது. ஜெட் விசையால் மட்டும் அந்தரத்தில் நிற்க, உந்துவிசை முழு எடையையும் தாங்கியாக வேண்டும். ஆகவே எரிபொருள் அள்ளிக் குடிக்கப்படும். நிற்கும் நேரம் நிமிடக் கணக்கில்தான். இரைச்சலோ காதைப் பிளக்கும். தட்டுச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் வருணனை இதற்கு நேர் எதிர்: ஓசையின்றி நின்றது, நெடுநேரம் நின்றது, பிறகு சட்டென்று பாய்ந்து மறைந்தது. அந்தரத்தில் நிற்கவல்ல ஹெலிகாப்டரோ இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கிவிட்டது. இரவில் அதன் விளக்கைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது இரகசியமும் அல்ல, ஓசையற்றதும் அல்ல.

ஓசையின்றி நின்று மறைந்தது என்ற வருணனைக்குப் பொருந்துவது, நிற்கத் தெரியாத சாதாரண விமானம். தரையிறங்கும் விளக்கை ஏற்றியபடி பார்ப்பவரை நோக்கி நேராக வரும் விமானத்துக்கு, அவர் கண்ணில் பக்கவாட்டு நகர்வே இருக்காது. மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் வந்தாலும் 20 கி.மீ. தொலைவைக் கடக்க அதற்கு மூன்று நிமிடம் வேண்டும். அந்த மூன்று நிமிடமும் அது வானத்தில் அறைந்த ஆணிபோல நிற்கும். அவ்வளவு தூரத்திலிருந்து ஓசை பெரும்பாலும் எட்டாது. விமானம் திரும்பியதும், குறுகிய அந்த ஒளிக்கற்றை விலகி விளக்கு ஓரிரு நொடியில் மங்கிப்போகும். அந்த மங்கலைக் கண் தொலைவாகவும் தொலைவை வேகமாகவும் படித்துக்கொள்கிறது. ‘அந்தரத்தில் நின்றது’ என்பதைப் பொருளின் திறனாக எடுத்துக்கொண்டதுதான் முந்தைய வாசிப்பின் அடிப்படைத் தவறு என்று நினைக்கிறேன். பார்ப்பவருக்கும் பொருளுக்கும் இடையிலான கோணம் மாறாமல் இருந்தது என்பதற்கு மேல் அந்தச் சாட்சியம் எதையும் சொல்வதில்லை.

இரகசியம் என்ற காரணத்தை முற்றாகத் தள்ளவும் கூடாது. உண்மையிலேயே ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிந்த இரகசியப் பொருள்கள் இருந்தன. அவற்றில் இயந்திரமே இல்லை. கடற்படையின் ஸ்கைஹுக் பலூன்கள் 1947 முதல் மிக உயரத்துக்கு அனுப்பப்பட்டன. 1948 ஜனவரி 7 அன்று கென்டக்கியில் விமானி கேப்டன் தாமஸ் மான்டெல் ஒரு பிரகாசமான பொருளைத் துரத்தி, ஆக்சிஜன் இல்லாமல் உயரே ஏறி உயிரிழந்தார். அவர் துரத்தியது அத்தகைய பலூன் என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இரகசியத்தைத் தேடியவர்களின் உள்ளுணர்வு சரிதான். வட்டு விமானத்தின் மேலிருந்த கவர்ச்சி அவர்களைப் பலூனிடம் போகவிடவில்லை.

வட்டு வடிவம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் இதே ஆவணம் உதவுகிறது. குவார்ல்ஸ் ஏவ்ரோ விமானத்தை மக்களுக்குப் புரியவைக்க அவர்களிடம் ஏற்கெனவே இருந்த தட்டின் உருவத்தைக் கடன் வாங்குகிறார்; அந்த உருவம் அவருடைய அறிக்கைக்கு எட்டாண்டு மூத்தது. தட்டு என்ற பேச்சுக்கே தொடக்கமாக, 1947 ஜூன் 24இல் விமானி கென்னத் அர்னால்ட் ரெய்னியர் மலைக்கருகே கண்டதாகச் சொன்ன ஒன்பது பொருள்களோ எங்கும் நிற்கவில்லை. மணிக்கு ஆயிரம் மைலுக்கு மேல் வேகம் என்பது அவருடைய கணக்கு. ஆகவே, தொடக்கச் செய்தியில் அந்தரத்தில் நிற்றல் என்ற கூறே இல்லை.

14ஆம் அறிக்கை விடையில்லாமல் விட்ட அந்த ஐந்தில் ஒரு பங்கை இக்கட்டுரை தீர்த்துவிடவில்லை. ஆனால் அவற்றுள் ‘அசையாமல் நின்றது’ என்று பதிவான ஒவ்வொன்றிலும், பார்த்தவர் நின்ற இடம், பார்த்த திசை, அருகிலிருந்த விமானத் தளத்தின் ஓடுபாதை நீண்டிருந்த திசை, அன்று மேலே வீசிய காற்று ஆகியவற்றை ஒப்பிட்ட பிறகே ஏவ்ரோவின் வரைபடங்களைப் புரட்ட வேண்டும். இதுவரை அந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகவே இருந்துவந்திருக்கிறது.