'லெஸ்'ஸுக்குப் போட்ட வேலி: ஓர் ஆங்கில விதியின் வரலாறு

ஆங்கிலத்தில் மாற்றி எழுதப்படும் சொற்களின் பட்டியலை எந்தக் கையேட்டில் பார்த்தாலும் 'லெஸ்', 'ஃப்யூவர்' இணை அதில் இருக்கும். எண்ணக்கூடியவை குறைந்தால் 'ஃப்யூவர் புக்ஸ்'. எண்ண முடியாதது குறைந்தால் 'லெஸ் வாட்டர்'. தமிழில் இரண்டுக்கும் 'குறைவு' என்ற ஒரே சொல் போதும் என்பதால் நம் மாணவர்கள் இங்கே இடறுவது இயல்பு. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் ஆயிரம் ஆண்டுகளாக இதே இடத்தில் இடறி வந்திருக்கிறார்கள். அப்படியானால் அதைப் பிழை என்று சொல்லலாமா?

9ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மன்னர் பெயரில் வந்த, போயீதியஸ் என்ற ரோமானியத் தத்துவ அறிஞரின் நூல் மொழிபெயர்ப்பிலேயே எண்ணக்கூடிய 'சொற்களை'க் குறித்து 'லெஸ்'ஸின் பழைய வடிவம் ஆளப்பட்டுள்ளது. இது கவனக்குறைவால் நேர்ந்ததல்ல. பழைய ஆங்கிலத்தில் அது பெயர்ச்சொல்லாக நின்றது. அடுத்து வரும் சொல் ஆறாம் வேற்றுமைப் பன்மை உருபை ஏற்றது. 'சொற்களில் குறைவு' என்று நாம் சொல்வதற்கு நெருக்கமான அமைப்பு அது. பின்வந்த நூற்றாண்டுகளில் ஆங்கிலம் தன் வேற்றுமை உருபுகளில் பெரும்பாலானவற்றை இழந்தது. உருபு உதிர்ந்ததும் 'லெஸ்'ஸும் பன்மைப் பெயரும் அருகருகே நின்றன. பார்ப்பதற்கு அது பெயரடை போலாயிற்று. இன்று பிழையெனப்படும் தொடர் இப்படி இலக்கண முறைப்படி வந்த ஒன்றே.

இதன் எதிர்ப்பக்கம் இன்னும் சுவையானது. 'அதிகம்' என்பதற்கு அன்று ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருந்தன: எண்ணிக்கைக்கு 'மோ', அளவுக்கும் தரத்துக்கும் 'மோர்'. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தில், மோவாப் அரசன் பாலாக் முன்னிலும் அதிகமான, முன்னிலும் மதிப்பு மிகுந்த பிரபுக்களை அனுப்புகிறான். முதலாவதற்கு 'மோ', இரண்டாவதற்கு 'மோர்' என ஒரே வசனத்தில் இரண்டும் அச்சாகியுள்ளன. 'போதுமான' என்பதிலும் இதே நிலைதான்: அளவுக்கு 'இனஃப்', எண்ணிக்கைக்கு 'இனௌ'. 'மோ', 'இனௌ' இரண்டும் வழக்கொழிந்தன. இன்று புத்தகங்களுக்கும் தண்ணீருக்கும் 'மோர்' ஒன்றே. யாரும் அதைக் குழப்பம் என்று குறைப்படுவதில்லை. உண்மையில் வழங்கிய வேறுபாடுகளை மொழி கைவிட்டுவர, வழக்கில் உறுதிப்படாத ஒரு வேறுபாட்டை இலக்கணக்காரர்கள் கட்டாயமாக்கினார்கள் என்பதே இந்த வரலாற்றின் விந்தை.

அந்தக் கட்டாயத்தின் தொடக்கத்தை 1770 வரை பின்தொடர முடிகிறது. சாமுவேல் ஜான்சனின் அகராதி 1755இலும் ராபர்ட் லௌத்தின் இலக்கணம் 1762இலும் வெளிவந்து, 'சரியான ஆங்கிலம்' எது என்ற விவாதம் சூடாக இருந்த காலம். 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கில மொழி பற்றிய தம் சிந்தனைகளை ஒரு நூலாக வெளியிட்டார். எண்ணிக்கையைச் சொல்ல 'லெஸ்'தான் பெருவழக்கு என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அவ்விடத்தில் 'ஃப்யூவர்' இருந்தால் நன்றாக இருக்கும் எனத் தமக்குத் தோன்றுவதாகவும், அதுவே நயமானது, முறையானது என்றும் எழுதுகிறார். கருத்து சொன்னவர் தயங்கித்தான் சொன்னார். பின்வந்த பாடநூல்களோ அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டு விதியை மட்டும் எடுத்துக்கொண்டன.

இந்தியாவில் இந்த விதியை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவற்றுள் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலுக்குத் தனி இடமுண்டு. 1930களில் வெளிவந்த அந்நூல் எண்ணிக்கைக்கு ஒன்று, அளவுக்கு மற்றொன்று எனச் சுருக்கமாக வரையறுக்கிறது. (அந்த பி. சி. ரென், 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதியவரேதான்.) தேர்வில் பிழை திருத்தச் சொன்னால் இன்றும் அந்த வரையறைப்படி எழுதுவதே பாதுகாப்பு.

விதியைப் பிடித்துக்கொண்டவர்கள் எதிர்த்திசையில் சறுக்குவதும் உண்டு. பணம், காலம், தூரம் ஆகியவை எண்ணால் சுட்டப்பட்டாலும் மொத்த அளவாகவே கொள்ளப்படுகின்றன. எனவே ஐந்நூறு ரூபாய்க்குக் குறைவு, பத்து நிமிடத்துக்குக் குறைவு, மூன்று கிலோமீட்டருக்குக் குறைவு எல்லாம் 'லெஸ் தேன்'தான். அங்கே 'ஃப்யூவர்' போட்டால் திருத்தமாகத் தெரியாது, செயற்கையாகவே ஒலிக்கும். 'ஒன்று குறைந்தது' என்பதற்கும் 'ஒன் லெஸ்' என்பதே வழக்கு. சதவீதத்தில் பின்னால் வரும் பெயரைப் பார்க்க வேண்டும் என்பார்கள்; ஆனால் மாணவர்களில் இருபது சதவீதத்துக்கும் குறைவு என்றால்கூடப் பெரும்பாலோர் 'லெஸ் தேன்' என்றே எழுதுகிறார்கள், இலக்கணப் பற்றாளர்கள் மட்டும் 'ஃப்யூவர்' கேட்கிறார்கள்.

பிரிட்டனில் இந்தச் சண்டை கடைவரைக்கும் போனது. பத்துப் பொருள்களுக்கு மிகாமல் வாங்குவோருக்கான விரைவு கவுன்ட்டர்களில் 'லெஸ்' என்று எழுதியிருந்ததற்கு எதிர்ப்பு வரவே, 2008இல் டெஸ்கோ நிறுவனம் பலகையை மாற்ற முன்வந்தது. எளிய ஆங்கிலத்துக்காகப் பாடுபடும் ஓர் இயக்கம் தந்த யோசனைப்படி அங்கே வந்த சொற்கள் 'அப் டூ 10 ஐட்டம்ஸ்'.