நாய் ஓயாமல் சொறிகிறதா? அலர்ஜியா, தெள்ளுப்பூச்சியா, சொறி நோயா... எப்படித் தெரிந்துகொள்வது?

ராத்திரி ரெண்டு மணி. வீடே தூங்குகிறது. ஹாலில் மட்டும் 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம். நாய் பின்னங்காலால் காதைச் சொறியும்போது அதன் கால் தரையில் இடிக்கும் சத்தம் அது. நாய் வளர்க்கும் பல வீடுகளுக்கு இது பழகிப்போன ஒன்று.

"நாய்னா சொறியத்தானே செய்யும்" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு ட்யூப் வாங்கித் தடவுபவர்கள் உண்டு. "குழந்தைங்களுக்கு ஒட்டிக்குமோ" என்று பயந்து, முடி கொட்டிய நாயைக் கொண்டுபோய்த் தெருவில் விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கடைசி வகையை நினைத்தால்தான் வேதனை. ஏனென்றால், அலர்ஜி யாருக்கும் ஒட்டாது. நாயிடமிருந்து மனிதருக்கும் வராது, பக்கத்து வீட்டு நாய்க்கும் போகாது.

நமக்கு தூசி அலர்ஜி என்றால் அடுக்கடுக்காகத் தும்முவோம், மூக்கு ஒழுகும். நாய்க்கு அப்படியில்லை. அதன் அலர்ஜி பெரும்பாலும் தோலில்தான் வெளிப்படும். பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பது, காதைச் சொறிவது, முகத்தைத் தரையில் தேய்ப்பது, அக்குளும் அடிவயிறும் சிவந்துபோவது என்று பல விதங்களில் தெரியும். வெள்ளை அல்லது வெளிர் நிற நாயின் பாதத்து முடி செம்பழுப்பாக மாறியிருந்தால் அது அழுக்கு இல்லை. நக்கி நக்கி எச்சில் படிந்த கறை.

ஆனால் அரிப்பு என்றாலே அலர்ஜி என்றும் சொல்லிவிட முடியாது. குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மேல்

நாய்களின் தோல் அலர்ஜிக்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று தெள்ளுப்பூச்சிக் கடி. கடியை விட அந்தப் பூச்சியின் எச்சில்தான் பிரச்னை. அலர்ஜி உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாள்கணக்கில் அரிக்கும். வாலின் அடிப்பகுதி, இடுப்பின் பின்பக்கம், தொடை ஆகிய இடங்களில் முடி கொட்டியிருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

"எங்க நாய் மேல ஒரு பூச்சி கூட இல்லையே!" என்பார்கள். அரிப்பு தாங்காத நாய் அதைக் கடித்து, நக்கி, விழுங்கியிருக்கும். ஒரு எளிய சோதனை இருக்கிறது. நெருக்கமான பல் உள்ள சீப்பால் முதுகை வாரி, வருகிற கருப்புத் துகள்களை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் போடுங்கள். துகளைச் சுற்றி செம்பழுப்பாகச் சாயம் இறங்கினால் அது வெறும் மண் இல்லை. ரத்தம் குடித்த தெள்ளுப்பூச்சியின் கழிவு.

நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் வேலை முடியாது. பூச்சி நாயின் மேல் முட்டையிட்டாலும், அந்த முட்டைகள் உதிர்ந்து சோபா இடுக்கிலும் கால்மிதியிலும் நாயின் படுக்கையிலும்தான் விழுகின்றன. கூட்டுப்புழுவாக அது மாதக்கணக்கில் அங்கேயே காத்திருக்கும். தமிழ்நாட்டின் வெயிலும் ஈரப்பதமும் அதற்கு வருஷம் முழுவதும் வசதி. குளிர்காலத்தில் பூச்சித் தொல்லை ஓயும் என்பதெல்லாம் குளிர்ந்த நாடுகளில் நடக்கலாம், சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ நடக்காது. வீட்டில் உள்ள எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே சமயத்தில் மருந்து கொடுப்பது, படுக்கையைச் சுடுதண்ணீரில் துவைப்பது, மூலைமுடுக்கைக் கூட்டிப் பெருக்குவது எல்லாம் சேர்ந்தால்தான் பலன்.

ஒரு எச்சரிக்கை. நாய்க்கான சில பூச்சி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு விஷம், உயிரே போகலாம். வீட்டில் பூனையும் இருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லியே மருந்து வாங்க வேண்டும்.

தூசி, பூஞ்சை, மகரந்தம்

பூச்சி இல்லை என்று உறுதியான பிறகும் பாதமும் காதும் அரித்துக்கொண்டே இருந்தால், அது சூழல் அலர்ஜியாக இருக்கலாம். வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரிகள், சுவர் ஈரத்தில் வளரும் பூஞ்சை, செடிகளின் மகரந்தம் இவைதான் தூண்டுகின்றன. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொடங்கும். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பக், புல்டாக், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் அதிகம். பரம்பரையாக வருவது, அதனால் நிரந்தரத் தீர்வு என்று ஒன்று கிடையாது. சர்க்கரை நோய் மாதிரி கட்டுக்குள் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். "ஒரே ஊசியில் சரியாகிடும்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சொறிந்து புண்ணான தோலில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் குடியேறும். மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். "எவ்வளவு குளிப்பாட்டினாலும் நாத்தம் போகலை" என்ற புகாருக்குப் பல நேரம் இந்த ஈஸ்ட்தான் காரணம். அலர்ஜிக்கு மருந்து கொடுத்தும் அரிப்பு குறையவில்லை என்றால், இந்தத் தொற்றை யாரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

சாப்பாடு ஒத்துக்கலையா?

"ரெண்டு வருஷமா இதே சிக்கனும் சோறும்தானே சாப்பிடுது, திடீர்னு எப்படி ஒத்துக்காமப் போகும்?" போகும். பழகிய உணவுக்குத்தான் உடல் மெல்ல மெல்ல எதிர்ப்பை வளர்த்துக்கொள்கிறது. மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை ஆகியவை அடிக்கடி சிக்கும் பொருட்கள். தயிர்சாதமும் சப்பாத்தியும் ஊட்டி வளர்க்கும் நம்ம வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை நம்பகமான வழி இல்லை. உணவை மாற்றிப் பார்ப்பதுதான் வழி. நாய் இதுவரை சாப்பிட்டே இராத ஒரு புரதத்தை, அல்லது இதற்கென்றே தயாரிக்கப்பட்ட உணவை, குறைந்தது எட்டு வாரம் கொடுக்க வேண்டும். அந்த எட்டு வாரமும் வேறு எதுவும் வாயில் படக்கூடாது. பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான். தாத்தா டீயில் தொட்டுக் கொடுக்கும் ஒரு பிஸ்கட், குழந்தை கீழே சிந்திய பால், கோழிச் சுவையூட்டிய மாத்திரை, இதில் ஒன்று போதும், கணக்கு தப்பிவிடும். அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பார்கள். மறுபடி அரித்தால்தான் உறுதி. குட்டி நாய்க்கு இதை மருத்துவர் சொல்லாமல் வீட்டிலேயே செய்யக் கூடாது, வளர்ச்சிக்கான சத்து குறைந்துவிடும்.

அலர்ஜி மாதிரி தெரியும், ஆனால் அலர்ஜி இல்லை

சார்கோப்டிக் மேஞ்ச் என்ற சொறி நோய், தோலுக்குள் குழி பறிக்கும் சிற்றுண்ணியால் வருவது. காது ஓரம், முழங்கை இரண்டிலும் கடுமையாக அரிக்கும். இது மற்ற நாய்களுக்கு வேகமாகப் பரவும். தூக்கிக் கொஞ்சுபவரின் கையிலும் தற்காலிகமாகத் தடிப்பு வரலாம். படர்தாமரையும் மனிதருக்கு ஒட்டும். ஆனால் இரண்டுமே குணமாகிற நோய்கள், நாயைத் துரத்தக் காரணமே இல்லை.

டெமோடெக்ஸ் வேறு ரகம். குட்டிகளின் கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் வட்ட வட்டமாக முடி கொட்டும், அரிப்பு குறைவு, ஒட்டாது. இதை அலர்ஜி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் எதிர்ப்பு சக்தி இறங்கி, சின்ன வட்டம் உடல் முழுக்கப் பரவிவிடும். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிடங்களில் வித்தியாசம் தெரிந்துவிடும். அந்தச் சோதனையைச் செய்யாமலே மாதக்கணக்கில் மருந்து மாற்றிக்கொண்டிருப்பதுதான் நாய்க்கு நடக்கும் பெரிய அநியாயம்.

வீட்டு வைத்தியத்தில் எது ஆபத்து?

மனிதர்களின் படர்தாமரைக்காக விற்கும், ஸ்டீராய்டு கலந்த கிரீம் நாய்க்குப் பூச அல்ல. பூசியதை அது நக்கும், மருந்து வயிற்றுக்குள் போகும். நம் சோப்பும் ஷாம்பூவும் நாய்த் தோலின் தன்மைக்குப் பொருந்தாது, தோல் இன்னும் வறளும். தெரு நாய்களுக்குக் கழிவு இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் இன்னமும் சில ஊர்களில் இருக்கிறது. தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளுறுப்புகளும் கெடும். வேப்பெண்ணெயை நேரடியாக அள்ளிப் பூசுவதும் எரிச்சலைக் கூட்டலாம்.

பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் கொடுக்கவே கூடாது. சளி, தும்மலுக்கான கூட்டு மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் நாயின் இதயத்தைப் பாதிக்கும். சொறிக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி, கோலி போன்ற சில இனங்களுக்கு மூளையைத் தாக்கும் விஷமாகிவிடும். "போன தடவை போட்டது மிச்சம் இருக்கு" என்று வீட்டிலேயே போடுவது விளையாட்டு இல்லை.

மருத்துவர் என்ன கொடுப்பார்?

ஸ்டீராய்டு மாத்திரை அரிப்பை வேகமாக அடக்கும், விலையும் குறைவு. ஆனால் தாகம், பசி, சிறுநீர் எல்லாம் அதிகமாகும். நீண்ட நாள் கொடுத்தால் வேறு தொல்லைகள் வரும். நீண்ட நாள் கொடுத்ததைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அரிப்பு சமிக்ஞையைத் தடுக்கும் ஓக்ளாசிடினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2013-ல் அனுமதி கிடைத்தது. ஒரு வயதுக்குக் குறைந்த நாய்க்கு அது கிடையாது. மாதம் ஒருமுறை போடும் லோகிவெட்மேப் ஊசியும் இருக்கிறது. மருந்து ஷாம்பூ எழுதிக் கொடுத்தால், நுரையோடு பத்து நிமிடம் ஊற வைத்துத்தான் அலச வேண்டும். போட்டவுடனே கழுவினால் காசுதான் வீண்.

தெள்ளு, உண்ணிக்காக இப்போது பரவலாகத் தரப்படும் மெல்லும் மாத்திரைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் வலிப்பு வந்த நாய்க்கு அதைச் சொல்லாமல் வாங்கக் கூடாது. இந்த வகை மருந்துகளில் சிலவற்றால் வலிப்பு, நடுக்கம் வரலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-ல் எச்சரித்திருக்கிறது.

தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாதவர்கள் அரசு கால்நடை மருத்துவமனைகளுக்கும், சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சைப் பிரிவுகளுக்கும் போகலாம். முகம் திடீரென்று வீங்கினாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ நாள் பார்க்கக் கூடாது, அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

போகும்போது இதுவரை கொடுத்த மாத்திரை அட்டைகள், தடவிய ட்யூப், உணவுப் பாக்கெட்டின் படம் எல்லாம் கையில் இருக்கட்டும். முந்தின நாள் குளிப்பாட்ட வேண்டாம், சோதனைக்குத் தேவையானது கழுவிப் போய்விடும். கிளினிக் மேஜையில் ஏற்றியதும் பல நாய்கள் பயத்தில் சொறியவே சொறியாது. அதனால் ராத்திரி சொறிவதை மொபைலில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போனால், மருத்துவருக்கு அதுவே பாதி விவரத்தைச் சொல்லிவிடும்.