1942: உயிர்ப்பு வாரத்தில் திரும்பி வராதவர்கள்



"மெட்ராஸ் காலியான வருஷம்" என்று நம் வட்டாரத்து முதியவர்கள் சொல்லச் சிலர் கேட்டிருப்பீர்கள். என் பாட்டியார் பிள்ளைகளின் வயதையே அந்த வருஷத்தை வைத்துத்தான் கணக்கிடுவார். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற பீதியில் சென்னை மக்கள் எழும்பூர் ரயிலிலும் மாட்டுவண்டியிலும் ஏறி, திண்டிவனம், விழுப்புரம் என்று உறவினர் வீடு தேடி ஓடினார்கள். மேல்சித்தாமூர் போன்ற உட்கிராமங்களுக்கும் ஆட்கள் வந்ததாகப் பாட்டியார் சொல்வார். அந்த ஓட்டத்தை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதே நாட்களில் கடலுக்கு மேலே நடந்ததை அறிந்தவர் சிலரே.

அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 5. அன்று காலை கொழும்பு மக்கள் கோயிலில் கூடியிருந்த வேளையில், அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு வீசின. முந்தின நாளே அந்தக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது, கனடா விமானி பெர்ச்சல் ஓட்டிச் சென்ற காட்டலினா ரோந்து விமானம். செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே அது சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் ஆறு பேர் பிழைத்துக் கைதிகளானார்கள். மறுநாள் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை காலியானதற்குக் காரணம் இவைதாம்.

ஏப்ரல் 9, வியாழக்கிழமை, திருகோணமலை தாக்கப்பட்டது. அப்போது கொழும்பில் குதிரைப் பந்தய மைதானத்தையே விமானத் தளமாக்கியிருந்தார்கள். சில வாரங்களுக்கு முன்தான் மத்தியக் கிழக்கிலிருந்து வந்திருந்த பிரிட்டிஷ் 11ஆம் விமானப் பிரிவின் பிளெனைம் குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து புறப்பட்டன. ஒன்பது விமானங்கள் எதிரியின் கப்பல்களை எட்டின. விமானத்துக்கு மூன்று பேர்: ஓட்டுபவர், வழி கணிப்பவர், கம்பியில்லாத் தந்தியையும் துப்பாக்கியையும் கவனிப்பவர். பிளெனைம் அதற்குள் பழசாகிப்போன விமானம். ஜப்பானியரின் ஜீரோ அதைவிட மிக வேகமானது. துணைக்குப் போர் விமானம் ஒன்றுகூடக் கிடையாது. அப்படியே போனார்கள்!

ஏறக்குறைய 11,000 அடி உயரத்திலிருந்து குண்டுகளைப் போட்டார்கள். நகுமோ இருந்த அகாகி என்னும் கப்பலைச் சுற்றித் தண்ணீர் எழும்பிய பிறகுதான் பலருக்கு விமானங்கள் வந்ததே தெரிந்ததாம். ஆனால் ஒரு குண்டும் கப்பலில் படவில்லை. ஜீரோக்கள் பாய்ந்து நான்கு பிளெனைம்களை அங்கேயே வீழ்த்தின. தப்பித் திரும்பியவை வழியில் வேறொரு ஜப்பானிய விமானக் கூட்டத்தில் சிக்கின. அது மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்னும் பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்துவிட்டு வந்த கூட்டம். அக்கப்பலோடு மடிந்தவர்கள் 307 பேர். அங்கே ஐந்தாவது பிளெனைமும் வீழ்ந்தது. போன ஒன்பதில் திரும்பியவை நான்கே.

வெள்ளைக்காரன் சண்டையில் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே நாடு முழுவதும் அவனை வெளியேறச் சொன்னது. அது நியாயமே. ஆயினும் விமானத்தில் ஏறிய இளைஞனை யாரும் யோசனை கேட்டதில்லை. ஜப்பானிய இளைஞனையும் கேட்டதில்லை. அன்று இரண்டு ஜீரோக்களும் திரும்பவில்லை. இரண்டு மாதத்தில், ஜூன் மாத மிட்வே போரில், அகாகியே கடலடிக்குப் போயிற்று.

நவம்பர் 2ஆம் நாள் நாம் கல்லறைக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றுகிறோம். கடலில் விழுந்தவனுக்குக் கல்லறை ஏது? தென்கிழக்காசியக் கடல்களிலும் நிலங்களிலும் மறைந்து, உடல் கிடைக்காத விமானப்படையினரின் பெயர்களைச் சிங்கப்பூர் கிராஞ்சியில் சுவர்களில் வெட்டியிருக்கிறார்கள். 1957இல் திறந்தது. கூரை விமானத்தின் இறக்கை போலிருக்கும். அங்கே 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள்.

நம்மவரில் மடு மாதா திருத்தலத்துக்குப் போகிறவர்கள் கொழும்பில் இறங்குவதுண்டு. அந்தப் பந்தய மைதானம் இன்றும் இருக்கிறது. பழைய பார்வையாளர் மண்டபத்தில் கடைகள் நடக்கின்றன, புல்தரையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.