கெல்டிக் இசையும் ஒரு இளைஞர் குழுவும்

கிரவீனில் எங்கள் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கும் மிருதங்க வகுப்புக்கும் போய் வருகிறார்கள். மார்ச் 17, புனித பற்றிக் நாளை ஒட்டி சிட்னியில் ஒலிக்கும் துள்ளலான வயலின் இசையையும் அவர்கள் அறிவார்கள். அது யாருடைய இசை?

அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், பிரான்சின் பிரித்தானி ஆகிய நிலங்களின் நாட்டார் இசையைக் கெல்டிக் இசை என்கிறோம். வயலின், தகரக்குழல், காற்றுப்பை கொண்ட பைப், யாழ் போன்ற ஹார்ப் ஆகியவை இதன் கருவிகள். போரான் என்பது ஆட்டுத்தோல் போர்த்த வட்டப்பறை. எங்கள் கஞ்சிராவின் பெரிய உறவினர் எனலாம். சிறு கோலால் அடிப்பார்கள். 'ஜிக்' ஆறு எண்ணிக்கையிலும் 'ரீல்' நான்கு எண்ணிக்கையிலும் நடக்கும் ஆட்ட மெட்டுகள். பெரும்பாலும் கேள்வி ஞானத்தால் வந்தவை.

1970இல் அயர்லாந்தின் டொனகல் மாவட்டத்தில் ஒரே குடும்பத்து இளைஞர்கள் 'கிளானட்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். இரண்டு சகோதரர்கள், ஒரு சகோதரி, அவர்களின் இரட்டையர் மாமன்மார். தகப்பனாரின் மதுச்சாலையே அவர்களின் முதல் மேடை. ஊர் முதியோரிடம் கேட்ட ஐரிஷ் மொழிப் பாடல்களை கிற்றார், ஹார்ப், ஜாஸ் சாயலோடு பாடினார்கள். அந்த மொழி விற்காது என்ற தயக்கம் இசைத்தட்டுத் துறையில் இருந்தது. முதல் இசைத்தட்டு 1973இல்தான் வந்தது. பெல்பாஸ்ட் மோதலைச் சொன்ன தொலைக்காட்சி நாடகத்துக்காக 1982இல் ஐரிஷ் மொழியில் அவர்கள் பாடிய பாடல், பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடத்தைப் பிடித்தது.

இந்த இசை அவுஸ்திரேலியாவுக்கும் இடம்பெயர்ந்தவர்களோடுதான் வந்தது. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் அயர்லாந்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதேயளவு பேர் நாட்டை விட்டுப் போனார்கள். 1848 முதல் 1850 வரை 4,000க்கும் மேற்பட்ட அநாதைச் சிறுமிகள் இங்கே அனுப்பப்பட்டார்கள். சிட்னியில் இறங்கியவர்கள் ஹைட் பார்க் பரக்ஸில் தங்கினார்கள். அங்கே 1999இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் கண்ணாடியில் அவர்கள் சிலரின் பெயர்கள் உள்ளன. அதை அமைத்த கலைஞர் இருவரில் ஒருவர் ஈரானிலிருந்து வந்தவர்.

எங்களுக்கும் இந்த இசைக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. சென்னைக் கோட்டையின் வெள்ளையர் வாத்தியக் குழுக்களைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எழுதினார். மீனாட்சி மேல் அவர் பாடிய ஒன்று, அயர்லாந்தின் மலோ ஊர்ப் பெயர் கொண்ட மெட்டு. அவருடைய தம்பி பாலுசுவாமிதான் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர் என்பார்கள்.

கிற்றாரோடு தமிழ்ப் பாட்டா என்று முகம் சுளித்தவர்கள் நாங்களும்தான். கிளானட் பிள்ளைகள் கருவியை மாற்றினார்கள், மொழியை விடவில்லை. எங்கள் பிள்ளை கிற்றாரை எடுத்தால் தடுக்க வேண்டாம். அப்பம்மாவின் தாலாட்டு ஒன்றைக் கேட்டுப் பழகு என்று மட்டும் சொல்வோம். அப்பம்மா இருக்கும்போதே சொல்வோம்.